கோடிட்ட இடங்களை நிரப்பாதீர்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஃபேர்ஹோப் என்றொரு சிற்றூர். அங்குள்ள தாமஸ் மருத்துவமனையில் 2008ஆம் ஆண்டு சிகிச்சை பெற்ற ஒரு சர்க்கரை நோயாளிப் பெண்மணி, உடம்பு தேறும்வரை இருப்பதற்காக வேறொரு மையத்துக்கு மாற்றப்பட்டார். டாக்டர் டிஸ்சார்ஜ் குறிப்பை வாயால் சொல்லிப் பதிவு செய்திருந்தார். அவர் சொன்னது லெவிமிர் இன்சுலின் எட்டு யூனிட். தட்டச்சாகி வந்த தாளில் இருந்தது எண்பது யூனிட். புதிய இடத்தில் இருந்தவர்கள் தாளை நம்பினார்கள். ஊசி போடப்பட்டது. இதயம் நின்றது, மூளை சேதமடைந்தது, சில நாட்களில் அந்த அம்மாள் இறந்துபோனார். 2012 டிசம்பரில் பால்ட்வின் கவுண்டி ஜூரிகள் கொடுத்த தீர்ப்பு: 14 கோடி டாலர் இழப்பீடு.

அந்தப் பதிவு அமெரிக்க நிறுவனம் ஒன்றின் வழியாகத் துணை ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு வந்து தட்டச்சானது. வரிக்கு இரண்டு சென்ட் மிச்சம் பிடிப்பதற்காகத்தான் வேலை இப்படிக் கைமாறிப் போனது என்று இறந்தவர் தரப்பு வாதிட்டது. டாக்டர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடாத தாளையே அடுத்த மருத்துவ மையம் உத்தரவாக எடுத்துக்கொண்டது என்பதும் வழக்கில் வெளிவந்தது.

‘மலிவான இடத்தில் கொடுத்தால் இப்படித்தான்’ என்று இதை ஒரே வரியில் முடித்துவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆங்கிலத்தில் ‘எய்ட்’, ‘எய்ட்டி’ இரண்டுக்கும் நடுவே இருப்பது கடைசியில் ஒட்டும் ஓர் இகரம் மட்டுமே. வார்டில் டிராலி உருளும் சத்தத்தில், நாளின் முப்பதாவது நோயாளியைப் பற்றி, சாப்பாட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் பேசும் ஒரு மனிதரின் வாயிலிருந்து அந்த இகரம் வந்ததா இல்லையா என்று உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் காதுக்கும் குழப்பம் வரும். அப்படிக் குழப்பம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் தொழிலில் தெளிவான விதி ஒன்று உண்டு. எழுதாதே. அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக் காலியாக விடு. ஒலிப்பதிவில் அது எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது நொடி என்று குறி. டாக்டர் பார்த்து நிரப்பட்டும்.

தொழில்காரர்கள் இதை ‘பிளாங்க்’ என்பார்கள். கோடிட்ட இடங்களை நிரப்பி மார்க் வாங்கி வளர்ந்த பிள்ளைகள்தாம் நாம் எல்லோரும். இந்த வேலையிலோ, நிரப்பாமல் விடத் தெரிவதுதான் முதல் தேர்ச்சி. அதைச் செய்பவருக்கு நாம் என்ன கூலி கொடுக்கிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

மாட்டுங்காவின் காதுகள்

மும்பைத் தமிழர்களுக்குக் காதால் பிழைப்பது புதிதல்ல. போன நூற்றாண்டின் முற்பாதியில் பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் பம்பாய்க்கு ரயிலேறியவர்களில் கணிசமானோர் கையில் இருந்தது எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழும், டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் லோயர் என்ற தகுதியும்தான். பகலில் கோட்டைப் பகுதி கம்பெனிகளில் துரையோ சேட்டோ சொல்லச் சொல்லக் குறிப்பெடுப்பார்கள். ராத்திரி மாட்டுங்காவில் நாலைந்து பேராகச் சேர்ந்து எடுத்த அறையில் படுக்கை. அவர்களையும் அவர்கள் குடும்பங்களையும் சுற்றித்தான் அங்குள்ள கிங்ஸ் சர்க்கிள் இன்றைய கிங்ஸ் சர்க்கிள் ஆனது. தென்னிந்தியக் கல்விக் கழகம் 1932இல் வந்தது. கஃபே மெட்ராஸ் 1940இல், ராமா நாயக்கின் உடுப்பி போர்டிங் 1942இல். இடம் போதாமல் போனபோது குடும்பங்கள் செம்பூருக்கு நகர்ந்தன.

இந்த ஸ்டெனோ வேலையே பின்னாளில் பகைக்கும் காரணமாயிற்று. 1966இல் சிவசேனா பிறந்த காலத்தில் ‘மார்மிக்’ வார இதழ், பம்பாய் அலுவலகங்களில் உத்தியோகம் பார்த்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் பட்டியலாக வெளியிட்டது. அந்தக் கசப்பை இங்கே விரிக்க வேண்டாம். அந்தப் பட்டியல் மனிதர்களின் கையில் இருந்த வித்தை என்ன என்பதுதான் நம் விஷயம்.

ஐசக் பிட்மன் 1837இல் வெளியிட்ட சுருக்கெழுத்து, எழுத்துக்கூட்டலைப் பார்க்காமல் ஒலியைப் பிடிக்கும் முறை. மெய்யொலிக்கு ஒரு கோடு. அழுத்திப் போட்டால் ஓர் ஒலி, இழைத்துப் போட்டால் இன்னோர் ஒலி. உயிரொலிக்குப் பக்கத்தில் புள்ளியோ சிறு கீற்றோ. வேகம் கூடக் கூடப் புள்ளிகளை விட்டுவிடுவார்கள். பிறகு மெஷின் முன்னால் உட்காரும்போது நோட்டில் வெறும் எலும்புக்கூடுதான் இருக்கும். முன்பின் வாக்கியத்தையும் கம்பெனியின் வியாபாரத்தையும் பேசியவரின் பழக்கத்தையும் வைத்துச் சொல்லுக்கு உயிர் கொடுக்க வேண்டும். அரைகுறையாக வந்த ஒலியைச் சூழலை வைத்து மீட்பது அந்தத் தலைமுறையின் அன்றாட வேலை.

ஆனால் அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. சந்தேகம் வந்தால் எழுந்து போய், கதவைத் தட்டி, ‘சார், அந்த ரெண்டாவது பாராவுல என்ன தொகை சொன்னீங்க?’ என்று கேட்டுவிடலாம். திட்டு விழலாம், பதிலும் கிடைக்கும்.

டிரான்ஸ்கிரிப்ஷன்காரருக்குத் தட்டக் கதவு இல்லை. பேசிய டாக்டர் கடலுக்கு அப்பால். அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் வித்தியாசம். இந்தத் தொழில் 1990களின் பிற்பாதியில் இந்தியாவில் வேரூன்றியதற்கே இந்த இடைவெளிதான் பாதிக் காரணம். அங்கே டாக்டர் மாலையில் பேசிவிட்டுப் போனால், இங்கே பகல் ஷிஃப்ட்டில் தட்டச்சாகி, அவர் காலையில் வரும்போது தாள் தயாராக இருக்கும். மீதிப் பாதி காரணம் கூலி. மும்பையில் பெரிய அளவில் இயங்கிய சி-பே சிஸ்டம்ஸ், தன்னைவிடப் பல மடங்கு பெரிய அமெரிக்க நிறுவனமான மெட்குவிஸ்ட்டின் பெரும்பான்மைப் பங்குகளை 2008இல் பிலிப்ஸிடமிருந்து வாங்கியது. அந்த வம்சாவளியில் வந்த அக்விட்டி சொல்யூஷன்ஸை 2023இல் 20 கோடி டாலருக்கு வாங்கியதும் நவி மும்பை ஐரோலியில் இருக்கும் ஐ.கே.எஸ். ஹெல்த்தான். உலகத்து டாக்டர்களின் பேச்சைத் தாளாக்கும் வியாபாரத்தில் இந்த நகரம் ஓரத்தில் நிற்கவில்லை.

கூடவே வேறொன்றும் நடந்தது. 2000ஆம் ஆண்டு வாக்கில் தெருவுக்குத் தெரு டிரான்ஸ்கிரிப்ஷன் பயிற்சி நிலையங்கள் முளைத்தன. டிகிரி முடித்த பிள்ளைகளிடம் பெருந்தொகை வாங்கிக்கொண்டு மூன்று மாதத்தில் உடற்கூற்றியல், ஆறு மாதத்தில் வேலை என்றார்கள். பல நிலையங்கள் வந்த வேகத்தில் மூடின. நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய குடும்பங்கள் நம் பகுதிகளிலும் உண்டு. அந்தப் பிள்ளைகளில் நிலைத்து நின்றவர்கள் சான்றிதழால் நிற்கவில்லை. காதால் நின்றார்கள்.

ஒரு சொல்லின் முன்னால்

அந்தக் காது எப்படி வேலை செய்கிறது என்று ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம்.

காதில் ஹெட்ஃபோன். காலடியில் தையல் மெஷின் மிதி போல ஒரு ஃபுட் பெடல். அழுத்தினால் குரல் ஓடும், விட்டால் நிற்கும், குதிகாலால் தட்டினால் சில நொடி பின்னால் போகும். கை விசைப்பலகையை விட்டு நகரவே கூடாது. டாக்டர் ஒரு சிறுநீரக நோயாளியைப் பற்றிப் பேசுகிறார். மருந்துப் பட்டியலுக்கு வரும்போது ‘ஹைட்ர…சின் 25 மில்லிகிராம்’ என்று ஒன்று வருகிறது. நடுவில் யாரோ இருமுகிறார்கள்.

ஹைட்ராலசின் என்றால் ரத்த அழுத்தத்துக்கு. ஹைட்ராக்ஸிசின் என்றால் அரிப்புக்கும் பதற்றத்துக்கும். இரண்டும் 25 மில்லிகிராமில் கிடைக்கும், ஆகவே அளவை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அடுத்த படி, நோய். இந்த நோயாளிக்கு ரத்த அழுத்தம் இருக்கிறதா? சிறுநீரகம் கெட்டவர், அழுத்தம் இல்லாமலா இருக்கும். அப்படியானால் ஹைட்ராலசின் என்று கை போகும். பொறுக்க வேண்டும். சிறுநீரகம் கெட்டவர்களுக்குத் தாங்க முடியாத உடம்பு அரிப்பும் வரும். ஆக இரண்டுக்கும் இடம் இருக்கிறது. அடுத்த படி, எத்தனை வேளை. ‘தினம் மூன்று வேளை’ என்று தொடர்ந்தால் அழுத்த மாத்திரையின் பக்கம் தராசு சாயும். ‘தேவைப்பட்டால், படுக்கும்போது’ என்றால் அரிப்பு மாத்திரை. அதுவும் விழுங்கப்பட்டிருந்தால், பதிவின் தொடக்கத்துக்குப் போய், நோயாளி என்ன புகாரோடு வந்தார் என்று மறுபடி கேட்க வேண்டும். அதே நோயாளியின் பழைய தாள் கணினியில் கிடைத்தால் பார்க்க வேண்டும். கூடவே ஸ்டெட்மன், டார்லண்ட் என்ற இரண்டு அகராதிகளும் மருந்துப் பெயர்க் கையேடுகளும்.

இத்தனைக்குப் பிறகும் சாட்சி சமமாக நின்றால்? பிளாங்க்தான். இவ்வளவு படியேறி வந்து விடும் காலியிடம் அது. ஒரு சொல்லுக்காகச் செலவழித்த அந்த ஐந்து நிமிட உழைப்பு தாளில் ஒரு கோடாக மட்டும் தெரியும்.

இப்படி இரட்டைப் பிறவிகள் மருத்துவத்தில் ஏராளம். சிறுகுடலின் கடைசிப் பகுதியும் ‘இலியம்’, இடுப்பெலும்பும் ‘இலியம்’. காதுக்கு ஒன்றேதான், ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து வேறு. குடல் உள்நோக்கிப் பரிசோதனையா, எலும்பு ஒட்டும் ஆபரேஷனா என்று தெரிந்தவருக்கே சரியான எழுத்து விழும். ‘டிஸ்ஃபேஜியா’ என்றால் விழுங்கச் சிரமம், ‘டிஸ்ஃபேஸியா’ என்றால் பேசச் சிரமம். பக்கவாதம் வந்தவருக்கு இரண்டுமே இருக்கக்கூடும் என்பதுதான் கொடுமை. கையை உடம்பிலிருந்து விலக்குவது ‘அப்டக்ஷன்’, உடம்போடு சேர்ப்பது ‘அட்டக்ஷன்’. கவனமுள்ள எலும்பு டாக்டர்கள் ‘ஏ-பி-டக்ஷன்’, ‘ஏ-டி-டக்ஷன்’ என்று எழுத்தை உடைத்தே சொல்வார்கள். ‘ஃபெப்ரைல்’ என்றால் காய்ச்சல் உண்டு, முன்னால் ஓர் ‘அ’ சேர்ந்தால் இல்லை. அந்த ‘அ’ மூச்சோடு கரைந்துவிட்டால், இரண்டு வரி தள்ளி உடல் வெப்பம் 98.6 என்று சொன்னாரா, 101 என்று சொன்னாரா என்று தேடிப் போக வேண்டும்.

மருந்துக் கம்பெனிகளே இந்தக் குழப்பத்துக்குப் பணிந்ததுண்டு. அமெரிக்காவில் வயிற்றுப் புண்ணுக்கு ‘லோசெக்’ என்று விற்ற மாத்திரை, நீர் பிரியக் கொடுக்கும் ‘லாசிக்ஸ்’ஸோடு குழம்பியதால் 1990இல் ‘பிரைலோசெக்’ என்று பெயர் மாறியது. ‘பிரின்டெலிக்ஸ்’ என்ற மனச்சோர்வு மருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் ‘பிரிலின்டா’வோடு குழம்பி, 2016இல் ‘டிரின்டெலிக்ஸ்’ ஆனது. மூட்டுவலிக்கு செலிப்ரெக்ஸ், மனச்சோர்வுக்கு செலெக்ஸா, வலிப்புக்கு செரிபிக்ஸ். இந்த மூன்றும் இன்னும் அப்படியே இருக்கின்றன. எண்களுக்கும் ஒரு மருந்து உண்டு. ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ என்று சொல்லிவிட்டுப் போகாமல் ‘ஒன்று ஐந்து’, ‘ஐந்து பூஜ்யம்’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள் என்று மருந்துப் பாதுகாப்பு அமைப்புகள் டாக்டர்களிடம் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. ஒரு நொடி கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

உச்சரிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தியத் தட்டச்சாளருக்கு அமெரிக்க ஆங்கிலம் புரியாது என்ற ஏளனம் பழையது. அமெரிக்காவில் பணியாற்றும் டாக்டர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர். அவர்களில் இந்தியர்கள் பெரும் கூட்டம். நெப்ராஸ்காவிலிருந்து வரும் ஒலிப்பதிவில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் குரல் கேட்கலாம். வீட்டில் திருநெல்வேலித் தமிழும், தெருவில் இந்தியும், பள்ளியில் மராத்தியும், மளிகைக் கடையில் குஜராத்தியும் கேட்டு வளர்ந்த தாராவிப் பெண்ணின் காது ஒரே நாளில் பல ஆங்கிலங்களுக்கு ஈடுகொடுக்கும். அதைக் குறையாகப் பேசியது போதும். அது மூலதனம்.

வரிக்கு இவ்வளவு

இனி கூலி. இந்தத் தொழிலில் 65 தட்டல்கள் சேர்ந்தால் ஒரு வரி. சம்பளமோ ஊக்கத்தொகையோ வரிக் கணக்கில்தான் பெரும்பாலும் வரும். எளிதான குரல், வழக்கமான கண் ஆபரேஷன் என்றால் வரிகள் ஓடும். இருமல், கரகரப்பு, அபூர்வ நோய் என்றால் நின்று நின்று போகும். நான் மேலே சொன்ன ஹைட்ராலசின் தேடலுக்கு எத்தனை வரி? கால் வரிகூட இல்லை. போதாக்குறைக்கு, பிளாங்க் அதிகமானால் பல இடங்களில் தரப் புள்ளி குறையும், தாள் ‘க்யூ.ஏ.’ என்ற தரச் சோதனை மேசைக்குப் போகும், ஊக்கத்தொகை வெட்டுப்படும். தெரியாத சொல்லை ஊகித்து எழுதி, அது யார் கண்ணிலும் படாமல் போனால், எதுவும் வெட்டுப்படாது.

இதைவிடத் தப்பான கணக்கு இருக்க முடியாது. நேர்மைக்கு அபராதம், துணிச்சலுக்குப் பரிசு. பிளாங்க்கில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தட்டச்சாளர் படித்திருக்க வேண்டிய சொல் தெரியாமல் விட்டது. அதற்குப் பயிற்சி கொடுக்கலாம், கண்டிக்கலாம். இன்னொன்று, பேசியவர் விழுங்கியதால் எந்தக் காதுக்கும் கேட்காமல் விட்டது. அந்தப் பிளாங்க்கைப் பேசியவர் கணக்கில்தான் எழுத வேண்டும். நல்ல மருத்துவமனைகள் செய்கிற காரியம் இது: எந்த டாக்டரின் பதிவில் அதிகக் காலியிடம் விழுகிறது என்று பார்த்து, அவரிடம் ‘கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள்’ என்று சொல்வது. ஆனால் ஒப்பந்தம் கை மாறிக் கை மாறி மூன்றாவது, நான்காவது நிறுவனத்துக்கு வரும்போது, கடைசியில் கேட்பவரின் குரல் டாக்டர்வரை ஏறிப் போக வழியே இருப்பதில்லை.

இப்போது இயந்திரம் வந்துவிட்டது. டாக்டர் பேசப் பேசக் கணினியே எழுதுகிறது. மும்பையில் முன்பு தட்டச்சு செய்தவர்கள் இன்று கணினி எழுதியதைத் திருத்துகிறார்கள், பல இடங்களில் பழைய வரிக் கூலியில் ஏறக்குறைய பாதிக்கு. பாதி வேலை குறைந்துவிட்டது என்பது நிர்வாகங்களின் வாதம். உண்மையில் வேலையின் சுபாவம் மாறியிருக்கிறது. 2018இல் ‘ஜாமா நெட்வொர்க் ஓப்பன்’ இதழில் வந்த ஓர் ஆய்வு 217 மருத்துவக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தது. பேச்சுணர் மென்பொருள் எழுதிய நிலையில் நூறு சொல்லுக்கு ஏழுக்கு மேல் பிழை. துல்லியமாகச் சொன்னால் 7.4 சதவீதம். தட்டச்சாளர் ஒருவர் படித்துத் திருத்திய பிறகு 0.4 சதவீதம். டாக்டர் கையெழுத்திட்ட பிறகு 0.3. பிழையைத் துடைத்தவர் யார் என்று இந்த மூன்று எண்களே சொல்கின்றன. பாதிக் கூலிக்காரர்தான் அதில் ஏறக்குறைய முழுவதையும் துடைத்தார்.

மென்பொருள்கள் அதற்குப் பிறகு வெகுவாக முன்னேறியிருக்கின்றன, மறுக்கவில்லை. அவற்றின் குறையும் வேறு மாதிரி ஆகியிருக்கிறது. ஓப்பன் ஏ.ஐ.யின் ‘விஸ்பர்’ என்ற பேச்சுணர் நிரலைப் பற்றி 2024இல் வந்த ஆய்வில், சோதித்த ஒலித்துண்டுகளில் சுமார் ஒரு சதவீதத்தில் யாருமே சொல்லாத வாக்கியங்கள் முளைத்திருந்தன. பேச்சில் நீண்ட இடைவெளி விழும்போது அவ்வாறு நடப்பது கூடுகிறது. அதே நிரல் ‘ஹைப்பர் ஆக்டிவேட்டட் ஆன்டிபயாட்டிக்’ என்று உலகத்திலேயே இல்லாத ஒரு மருந்தை எழுதிவைத்ததை அசோசியேட்டட் பிரஸ் அந்த வருடம் செய்தியாக்கியது. எழுத்துப் பிழை இல்லை, இலக்கணப் பிழை இல்லை. பழைய காலத்துத் தப்பு கண்ணை உறுத்தும். இது உறுத்தாது. வாக்கியம் வழவழப்பாக இருக்கும். அதைப் படிக்கிறவர் ஒலியையும் கூடவே கேட்டால்தான் கண்டுபிடிப்பார். பாதிக் கூலியில், இரட்டிப்பு வரி இலக்கில், ஒலியை முழுக்கக் கேட்க யாருக்கு நேரம் இருக்கும்?

ஆகவே திருத்துகிறவரின் கூலியை வரியிலிருந்து பிரித்து நேரத்தோடு சேர்க்க வேண்டும். கேட்காத சொல்லுக்கான பிளாங்க்கைத் தரப் புள்ளியிலிருந்து விலக்க வேண்டும். மருந்தின் பெயரும் அளவும் வரும் ஒவ்வோர் இடத்திலும் ஒலியைக் கேட்டே ஆக வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். மூன்றும் பெரிய செலவில்லை. 14 கோடி டாலரோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

சயானில் ஒரு தாள்

இவ்வளவும் அமெரிக்க நோயாளிக்காகப் பேசியது. தாராவிக்காரருக்கு உடம்புக்கு வந்தால் போகும் இடம் பக்கத்திலிருக்கும் சயான் மருத்துவமனை. லோக்மான்ய திலக் பெயரிலுள்ள மாநகராட்சி மருத்துவமனை. 90 அடி சாலையிலும் குறுக்குச் சந்துகளிலும் உள்ள வீடுகளில் தகரப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருப்பவை கையால் எழுதிய கேஸ் பேப்பர்கள். நெரிசலில் நூறு பேரைப் பார்க்கும் இளம் டாக்டரின் கை எழுதியவை. மருந்துப் பெயர்களைத் தெளிவாக, கூடுமானால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இல் விதியைத் திருத்தியது. விதி வந்த பிறகும் பார்மசிக்காரர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிப்பதை நாம் எல்லோரும் பார்க்கிறோம்.

அவர் தாளைத் தூக்கிப் பிடிக்கும் அந்த நிமிடத்தில்தான் நாம் வாயைத் திறக்க வேண்டும். புரியவில்லை என்றால் ஊகித்துக் கொடுக்காதீர்கள், டாக்டரைக் கேட்டுக்கொண்டு வருகிறோம் என்று சொல்லலாம். டாக்டர் திட்டினால் திட்டட்டும். டிஸ்சார்ஜ் ஆகும்போது தாளை வாங்கி மடித்துப் பையில் வைக்காமல், படிக்கத் தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று விஷயம் பார்த்துவிடலாம். மருந்தின் பெயர் வார்டில் கொடுத்த அட்டையில் இருக்கும் பெயர்தானா. அளவும் வேளையும் நர்ஸ் சொன்னதோடு ஒத்துப்போகிறதா. ஒவ்வாமை உண்டு, இல்லை என்பது சரியாக விழுந்திருக்கிறதா. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு அச்சடித்த அழகான தாள் கிடைக்கும். அதையும் இதே மூன்று கேள்வியோடு பார்க்க வேண்டும். கையெழுத்தில் கிறுக்கல் இருந்தால் சந்தேகமாவது வரும். அச்சில் வந்துவிட்டால் நமக்குக் கேள்வி கேட்கவே தோன்றுவதில்லை.